நாலு கிலோ துரை

மாப்ள,

போன வாரம் பிரஷர் மாத்திரைச் சீட்டைத் தேடிப் பீரோவின் மேல்தட்டைக் கிளறினேன். பழைய ரேஷன் கார்டின் உறைக்குள்ளிருந்து இரண்டு சின்ன அட்டைகள் காலடியில் விழுந்தன. ரயில்வே ஸ்டேஷனில் சிவப்பும் பச்சையுமாகப் பல்பு சுற்றும் எடை மிஷின் நின்றதே, அது கொடுத்த அட்டைகள். ஒன்றில் 58. இன்னொன்றில் 66. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஐந்து நிமிடத்தில் எட்டு கிலோ ஏறிய மனிதன் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை விளக்கிச் சொன்னால் சிரிக்கிறதற்கு இப்போது என் மனைவி சரோஜாவை விட்டால் ஆள் இல்லை. அவளும் சிரிக்கவில்லை. அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணன் இருந்தா இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல" என்றாள். காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிதான்.

வெள்ளிக்கிழமை என்றால் உனக்குத் திருமங்கலம் ஆட்டுச்சந்தை. விடியுமுன் போய், வாங்கினதை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பத்து மணிவாக்கில் உன் மொபெட் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். உன்மேல் ஆட்டு வாடை அடிக்கும். சரோஜா ஜன்னலைத் திறந்துவிட்டுக் காபி போடுவாள். அதைக் குடித்துவிட்டுச் சமயநல்லூருக்குக் கிளம்புவாய். எட்டாம் வகுப்புவரை நாம் ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் நான் மருந்துக்குப் படித்து மருந்துக்கடையில் நின்றேன், நீ உன் அப்பாவோடு ஆட்டு யாபாரத்துக்குப் போய்விட்டாய். நான் மில்லிகிராமில் பிழைத்தேன். நீ வெறுங்கையில் பிழைத்தாய்.

அந்தக் கையை முதன்முதலில் நான் ஒழுங்காகப் பார்த்தது சந்தையில்தான். ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனாய். நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்னந்தொடைக்கு முன்னால் ஒரு கை. ஆட்டை ஒரு சாண் உயரம் தூக்குவாய். கண்ணைப் பாதி மூடுவாய். உடனே இறக்கிவிடுவாய். இறக்கும்போதே வாயில் எண் வந்துவிடும். பதினொன்றேகால் என்றால் பதினொன்றேகால்தான். கறிக்கடைக்காரர்கள் உன்னிடம் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். எனக்கோ நம்பிக்கை வரவில்லை. ஏதோ ஜோசியக்காரன் வேலை என்று நினைத்து, நீ சொன்ன ஓர் ஆட்டின் பின்னாலேயே கடைவரை போனேன். உரித்துத் தொங்கவிட்டு, தராசில் வைத்தார்கள். முள் பதினொன்றேகாலில் நின்றது. பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் என் உள்ளங்கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

துரை எங்கள் வீட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். என் கடைக்கு மருந்து வாங்க வரும் ஓர் அதிகாரிக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. அவர் வீட்டுப் பூனையை ஒரு கூடையில் வைத்து, கூடவே ஒரு சீப்பும் கொடுத்து, "பெர்ஷியன், பத்திரமா வளத்துங்க" என்று சரோஜாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சாம்பல் நிறம், கழுத்தைச் சுற்றிக் கொத்துமுடி, முகத்தில் யாரையும் மதிக்காத ஒரு பார்வை. அதனால்தான் துரை என்று பெயர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூட வாயைத் திறக்காத ஒரே ஆள் நீதான். சரோஜா அந்தப் பூனைக்குச் சீப்புப் போடுகிற அழகைப் பார்த்துவிட்டு நீ தலையைக் குனிந்துகொண்டு காபி குடித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

நம் ஊரில் நாயானாலும் பூனையானாலும் ஆளானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: என்ன சாதி? தெருவே துரையைப் பார்க்க வந்தது. பால்காரர் மோந்து பார்த்துவிட்டுப் புனுகுப்பூனை என்றார். டிவி மெக்கானிக் சயாம் நாட்டுச் சரக்கு என்றார். வீட்டுக்காரர் காட்டுப்பூனைக் கலப்பு, ஜாக்கிரதை என்று எச்சரித்தார். பெர்ஷியன், பெர்ஷியன் என்று சரோஜா எல்லோரிடமும் சொல்லி மாளவில்லை. நீ வந்தாய். பூனையை மடியில் போட்டு, உதட்டை விலக்கிப் பல் பார்த்தாய். காதைத் தடவினாய், வாலை அடியிலிருந்து நுனிவரை உருவினாய். அலங்காநல்லூர்ப் பக்கம் பெண் எடுத்தவனாயிற்றே, நாலு கால் இருந்தால் சுழி பார்க்காமல் விடுவாயா? தோளுக்கு நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்து, "நல்ல சுழி. வீட்ட விட்டுப் போகாது" என்றாய். சரோஜாவுக்குச் சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பூனை ஒரு தடவை கத்தியது. நீ காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் நம்மூருச் சத்தமாத்தேன் இருக்கு" என்றாய். அன்றைக்கு உனக்குக் காபியில் சர்க்கரை விழவில்லை. அப்படியே ஒரு சாண் தூக்கிப் பார்த்து, நான் கேட்டதற்கு "மூணே முக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

ஓர் ஆண்டு போயிருக்கும். துரை மதில்மேல் ஏறுவதை விட்டான். நாலு படி ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். பகல் முழுக்கக் குழாயடிச் சிமெண்டில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கிடந்தான். சரோஜா பயந்துவிட்டாள். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நல்ல மனிதர், ஆனால் மாடு, ஆடு, கோழி பார்த்துப் பழகியவர். பூனை எத்தனை கிலோ என்று கேட்டார். அங்கே இருந்த தராசு கன்றுக்குட்டி நிறுக்கிறது, இதை வைத்தால் முள்ளே அசையவில்லை. நான் பெருமையாகச் சொன்னேன்: "மூணே முக்கா கிலோ டாக்டர். கை எடைதான், ஆனா தப்பாது." அவர் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார். பெர்ஷியனுக்கு அந்த எடை சரியாக இருக்கிறது, முடிதான் ஆளைப் பெரிதாகக் காட்டுகிறது, நம் ஊர் ஒத்துக்கொள்ளாமல் சோர்ந்திருக்கிறான், நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கொடுத்தோம். நெத்திலி, முட்டை, பால், நீ சந்தையிலிருந்து கொண்டுவரும் ஈரல். நாலு மாதம் இப்படியே ஓடியது. அதற்குள் நீ ஒரு வெள்ளிக்கிழமை தூக்கிப் பார்த்து, "நாலு" என்றாய். கால் கிலோ தேறிவிட்டானே என்று நானும் சரோஜாவும் சந்தோஷப்பட்டோம், அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

சித்திரை வெயில் வந்தது. துரை இரைக்கிற இரைப்பு அடுப்படிவரை கேட்டது. முடியை எடுத்துவிட்டால் சூடு குறையும் என்று நீதான் சொன்னாய். செம்மறிக்கு மயிர் கத்தரிக்கும் கத்தரியோடு வந்தாய். சரோஜா தலையைப் பிடித்துக்கொள்ள, நீ கத்தரித்தாய். ஒரு மஞ்சப்பை நிறைய முடி. முடி போனதும் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பூனை வெளியே வரும் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம். வந்தது ஒரு பூசணிக்காய். முடி இருந்தபோது எவ்வளவு பெரிதோ அதே அளவு. நீ மறுபடி தூக்கிப் பார்த்தாய். "நாலுதேன்" என்றாய்.

எனக்கு வந்ததே கோபம். தெருமுனையில் எலும்பும் தோலுமாய் ஒரு பூனை திரிகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா, இரண்டும் நாலு கிலோவா, கண் அவிந்துவிட்டதா என்று கத்தினேன். நீ கையில் ஒட்டிய முடியை ஊதிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய்:

"ஆமா மாப்ள. உரிச்சா நாலு நிக்கும்."

சரோஜா பூனையைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உனக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துவிட்டது. நீ என்ன செய்வாய்? உன் ஆயுசில் உன்னிடம் எடை கேட்டவன் எவனும் கறி எடையைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. தோல், தலை, கால், குடல் எல்லாம் போக எவ்வளவு நிற்கும் என்பதுதான் உன் சந்தையில் எடை. உயிர் எடை என்பது கோழிக்கடைக்காரன் பேச்சு. இதெல்லாம் இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்கு என் நாக்கு முந்திக்கொண்டது. "ஆட்டுக்காரன் புத்தி போகுமாடா? இனிமே இந்தப் பக்கம் வராத" என்றேன். நீ கத்தரியை வேட்டியில் துடைத்தாய். பையை எடுத்துக்கொண்டாய். மொபெட் கிளம்ப ஏழெட்டு உதை வாங்கியது. நான் வாசலுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் துரையைக் கூடையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி, மிஷின்மேல் தனியாக ஏறினேன். 58. அப்புறம் பூனையைக் கூடையிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். போர்ட்டர்கள் கூடிவிட்டார்கள். துரை என் சட்டையைக் கிழித்தான். 66. அட்டையைப் பார்த்தேன். கழித்துப் பார்த்தேன். எட்டு. பாதி நாலு.

அந்தப் பிளாட்பாரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது மாப்ள. திமிறுகிற ஒரு பூனையை, அதுவரை யாருமே நிறுத்துப் பார்த்திராத ஓர் உயிரை, ஒரு சாண் தூக்கி, அதன் முடிக்கும் தோலுக்கும் குடலுக்கும் உள்ளே என்ன நிற்கும் என்று உன் கை பார்த்திருக்கிறது. ஆட்டுக்குப் பழகிய கணக்கைப் பூனைக்குக் கேட்டாலும் அது பிசகவில்லை. படித்த டாக்டரும் அவருடைய தடிப் புத்தகமும் மில்லிகிராம் பார்க்கிற நானும் சேர்ந்து ஏமாந்தோம். நீ ஏமாறவில்லை. என்ன எடை என்று கேட்கத் தெரியாத நான்தான் முட்டாள். முதல் அட்டையின் பின்பக்கம் பலன் அச்சடித்திருந்தது: பேச்சில் நிதானம் தேவை. இரண்டாவதில் வெளிநாட்டுப் பயண யோகம். அது துரைக்கு என்று சரோஜா பிறகு சொன்னாள்.

எட்டு கிலோ என்றதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. இதயம் இழுக்கிறது, இதே எடையில் இருந்தால் அடுத்த சித்திரையைத் தாண்ட மாட்டான் என்றார். சரோஜா வீட்டுக்கு வந்து துரையின் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. மாதத்தில் பாதி நாள் விரதம் என்று தானே பட்டினி கிடக்கிறவள் அவள், ஏன் என்று உனக்குத் தெரியும். துரை தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, அவன் கத்துவதையும் விட்டுவிட்டான். தெரு ஆட்கள் மூலம் உனக்குச் சேதி எட்டியிருக்க வேண்டும். சந்தை இல்லாத நாளில், வராதே என்று நான் சொன்ன வீட்டுக்கு நீ வந்தாய். கேட்டுக்கு வெளியே நின்றபடியே கேட்டாய்: "பூன தின்னுச்சா?"

இல்லை என்றேன். அவ்வளவுதான், என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாய்.

"கொழுத்த உருப்படியப் பட்டினி போடாத தாயி. ஈரல் மஞ்சளாப் போயிரும். எத்தன அறுத்துப் பாத்திருக்கேன். கொழுப்பு கரையாது, உசுருதேன் கரையும்."

அறுத்த கதைக்குச் சரோஜா முகம் சுளிக்கவில்லை. ஓடிப்போய் மீனை எடுத்துவந்தாள். நீ தரையில் உட்கார்ந்து, விரலில் எடுத்து எடுத்து ஊட்டினாய். மறுநாள் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திறந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், யார் இதைச் சொன்னது என்று கேட்டார். என் சிநேகிதன், ஆட்டு யாபாரி என்றேன்.

அப்புறம் ஓர் ஆண்டு நீ பார்த்த வைத்தியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. "மேய விடு" என்றாய். தட்டில் கொட்டி வைத்தால் கொழுக்கத்தான் செய்யும், வெள்ளாடு ஒரு வாய் இலைக்கு ஒரு பர்லாங் நடக்கிறது, பூனையையும் நடக்க விடு என்று சொல்லி, அன்றைய மீனைச் சுண்டைக்காய் அளவாகக் கிள்ளச் சொன்னாய். கட்டிலுக்கு அடியில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒன்று, அரிசிப் பானை மூடியில் ஒன்று. முதல் மாதம் துரை எங்களைப் பார்த்த பார்வையில் நாங்கள் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஆனால் நடந்தான். மேய்ச்சல் நிலம் வாரா வாரம் ஒரு படி மேலே போனது.

வெள்ளிக்கிழமைதோறும் நீ தூக்கினாய். இப்போது உயிர் எடை மட்டும் சொன்னாய், மற்றதைச் சரோஜாவின் காதில் போட மாட்டாய். ஏழரை. ஏழு. ஒரு வெள்ளி ஏழும் சொச்சமும் என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்த்தாய். "பால் குடுத்தியா தாயி?" அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நீ தூக்குமுன் என்னைத் தூக்கச் சொல்வாய். நான் சொன்னது ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை. "கையில கேளு மாப்ள, கண்ணுல கேக்காத" என்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டு தூக்குவேன், அப்போதும் தப்பும். நீ சிரிப்பாய்.

மறு சித்திரையில் துரை ஐந்து கிலோ. ஒரு காலை நேரம், எந்த மீனும் வைக்காத மதில்மேல், யாரும் கூப்பிடாமல் ஒரே தாவாகத் தாவி ஏறி உட்கார்ந்தான். சரோஜா நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். ஒரு வேடிக்கை என்னவென்றால், கொழுப்பு கழியக் கழிய பெர்ஷியாவும் கழிந்துபோயிருந்தது. உருண்ட முகம் கூம்பி, கன்னம் வற்றி, உடம்பில் மங்கலாய் வரி தெரிய, நம் மீன்கடை வாசலில் நிற்கிற பூனைகளின் ஜாடை அப்படியே வந்துவிட்டது. "அப்பன் எந்த ஊரோ தெரியாது. ஆத்தா நம்மூருதேன்" என்றாய். அன்றைக்குக் காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை. அதற்கப்புறம் துரை எட்டு வருஷத்துக்குமேல் இருந்தான், தூக்கத்திலேயே போனான். குழி வெட்ட நீதான் வந்தாய்.

உன்னிடம் ஒன்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. ஊரையே தூக்கிப் பார்த்த நீ, எந்தத் தராசிலும் ஏறியதில்லை. பின்னாளில் என் கடையில் எடை மிஷின் வாங்கியபோது ஏறச் சொன்னேன். "எட போடுறது விக்கிறதுக்கு மாப்ள. நான் என்ன சந்தைக்கு வந்த உருப்படியா?" என்று நகர்ந்துவிட்டாய். விளையாட்டு என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில்தான் அது விளையாட்டில்லை என்று தெரிந்தது.

வயிற்றில் கட்டி என்று உன்னைச் சேர்த்திருந்தார்கள். ஆறடி ஆள், போர்வைக்குள் ஆள் இருக்கிற மேடே தெரியவில்லை. சிஸ்டர் எடை மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். எடைக்குத் தகுந்துதான் மருந்து ஏற்ற முடியும் என்று எவ்வளவோ சொன்னார். நீ தலையைத் தலையை ஆட்டினாய். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டினாய்: "அவன் தூக்கிச் சொல்லுவான். அத எழுதிக்கங்க."

சிஸ்டர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முதுகுக்கு அடியில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை. ஒரு சாண் தூக்கினேன். உன் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஐம்பத்தைந்து என்று சொல்லிவிடலாம் என்று என் வாய் தயாராகிவிட்டது. உன் கண்ணைப் பார்த்தால் ஐம்பத்தைந்துதான் சொல்ல வரும். நான் மருந்துக்காரன், ஐம்பத்தைந்து என்று எழுதினால் அந்த அளவு மருந்தை உன் உடம்பு தாங்காது என்பதும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாப்பத்தொண்ணு."

நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் கேட்டாய்:

"உயிர் எடையா, கறி எடையா?"

"உயிர் எடைடா."

"அப்பச் சரி" என்றாய். அதற்கப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமல் நீயே இறங்கி, ஆயுசில் முதல் தடவையாக மிஷின்மேல் ஏறி நின்றாய். நாற்பத்தொன்று. சிஸ்டர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தப்பாது சிஸ்டர்" என்றாய், உன் மகனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. நான் அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, அன்றைக்கு வராதே என்று சொன்னதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "எப்பச் சொன்ன?" என்று கேட்டாய். மறந்துவிட்டாயா, மறந்ததாகச் சொன்னாயா, எனக்குத் தெரியாது. மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பெட்டைப் பூனை இருக்கிறது. தானாக வந்தது. என்ன சாதி என்று தெருவில் கேட்கிறார்கள், சரோஜா பதில் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நான் அதை ஒரு சாண் தூக்கி எண்ணைச் சொல்கிறேன், கடை மிஷினில் வைத்தால் சரியாக இருக்கிறது. பை, குடம், சிலிண்டர், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று எதைத் தூக்கினாலும் எனக்கு எண் வந்துவிடுகிறது. தூக்கியதும் இறக்கிவிடுகிறேன், உன்னைப்போலவே. அந்த நாற்பத்தொரு கிலோவை மட்டும் இன்னும் இறக்கி வைக்கவில்லை மாப்ள.